அவசரப் பைக்கு எந்தக் கத்தி?

புயல், வெள்ளம் என்றால் உடனே தூக்கிக்கொண்டு கிளம்பத் தயாராக வைக்கும் அவசரப் பையில் மடக்குக் கத்தி மட்டும் போதாது. விறகு பிளக்கும்போது முதலில் தளர்வது அதன் கீல்தான். மடங்காத கத்தி ஒன்றும் வேண்டும்: 4 அங்குல அலகு, 3 மி.மீ. தடிமன், அலகின் எஃகு கைப்பிடிக்குள்ளும் கடைசி வரை ஒரே துண்டாக ஓட வேண்டும். கடலோர ஊர் என்றால் ஸ்டெயின்லெஸ்தான். கார்பன் எஃகு எளிதில் கூர் ஏறும், ஆனால் மாதக்கணக்கில் பைக்குள் கிடந்தால் துருப்பிடிக்கும். தோல் உறை ஈரத்தைப் பிடித்துவைக்கும். பிளாஸ்டிக் உறையே மேல். அலகில் தையல் மெஷின் எண்ணெய் 2 சொட்டு பூசி வையுங்கள், காய்கறி நறுக்கும் முன் சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள்.

குறடு, கத்தி எல்லாம் ஒன்றாக மடங்கும் கருவியான மல்டிடூலில் குறடுதான் உயிர். கம்பி வெட்டும் வாய், டின் திறப்பான், பூட்டிக்கொள்ளும் அலகு இருக்கிறதா பாருங்கள். வாங்கும்போதே அலகைத் திறந்து, விரல்களை விலக்கிப் பிடித்து, முதுகுப் பக்கத்தை மரத்தில் லேசாகத் தட்டுங்கள். பூட்டு நழுவினால் அது வேண்டாம்.