நெட்வொர்க்கிங் வேலைக்குக் கல்லூரியிலேயே தயாராவது எப்படி?

நெட்வொர்க் தகவல் பரிமாற்றத்தைப் பிரித்துக் காட்டும் ஓ.எஸ்.ஐ. மாடலின் ஏழு அடுக்குகளைப் படத்தோடு எழுதினால் செமஸ்டரில் மார்க் கிடைத்துவிடும். நேர்முகத் தேர்வில் கேட்பது வேறு: "8.8.8.8-க்கு பிங் போகுது, வெப்சைட் மட்டும் திறக்கல. முதல்ல எங்க பாப்பீங்க?" (8.8.8.8 கூகுள் சர்வர் ஒன்றின் முகவரி. பிங் என்பது எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை.) இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம், நெட்வொர்க்கை நாமே கட்டி நாமே கெடுத்துப் பார்த்தால்தான் வரும்.

தொடக்கம் சப்நெட்டிங், அதாவது ஒரு நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிப்பது. 192.168.10.77/26 என்று எடுத்துக்கொள்ளுங்கள். /26 என்றால் முகவரியின் முதல் 26 பிட் நெட்வொர்க்கைக் குறிக்கும். அதைக் காட்டும் மாஸ்க் 255.255.255.192. 256-இல் 192 போக 64. ஆக, சப்நெட்டுகள் 0, 64, 128, 192 என்று தொடங்கும். 77 இருப்பது 64-இல் தொடங்குவதில். நெட்வொர்க் முகவரி 64, பிராட்காஸ்ட் (அந்த சப்நெட்டில் எல்லோருக்கும் அனுப்பும் முகவரி) 127, கணினிகளுக்குக் கொடுக்கக்கூடியவை 65 முதல் 126 வரை, மொத்தம் 62. முதலையும் கடைசியையும் கழிக்க மறந்து 64 என்று எழுதுவதுதான் பலர் செய்யும் தப்பு. தினம் பத்துக் கணக்கு, கால்குலேட்டர் இல்லாமல். ஒன்றுக்கு அரை நிமிடம் என்ற வேகம் வரும்வரை விடாதீர்கள்.

அடுத்து, கணினித் திரையிலேயே நெட்வொர்க் கட்டிப் பார்க்க உதவும் பாக்கெட் டிரேசர். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்குத் தொடங்கினால் இலவசம். ஒரு ரவுட்டர், இரண்டு சுவிட்ச், நான்கு பி.சி. வைத்து, விலான் 10, விலான் 20 என்று (ஒரே சுவிட்சுக்குள் தனித்தனி நெட்வொர்க்குகளாக) பிரித்து, இரண்டுக்கும் இடையே ரவுட்டர் வழியாக பிங் போக வையுங்கள். முதல் தடவை போகாது. சுவிட்ச் போர்ட் தானாகவே திறந்திருக்கும். ரவுட்டர் போர்ட்டுக்கு அதைத் திறக்கும் 'நோ ஷட்டவுன்' கட்டளையைக் கொடுத்தாக வேண்டும். ஒரே விலானுக்குள் பிங் போய், அடுத்த விலானுக்குப் போகவில்லையென்றால் பி.சி.யில் டீஃபால்ட் கேட்வே (வெளியே போக வழியான ரவுட்டர் முகவரி) இருக்கிறதா, ரவுட்டரை நோக்கிய சுவிட்ச் போர்ட் டிரங்க்காக (பல விலான்களையும் சுமக்கும் போர்ட்டாக) மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ரவுட்டரிலிருந்து அடிக்கும் ஐந்து பிங்கில் முதலாவது மட்டும் தவறினால் பயம் வேண்டாம். எதிர்முனையின் மேக் முகவரியை (வன்பொருள் முகவரி), ஐ.பி.யை வைத்து அதைக் கண்டுபிடிக்கும் ஏ.ஆர்.பி. தேடி முடிப்பதற்குள் அதன் நேரம் தீர்ந்திருக்கும்.

பிங் போனதும் ஃபைலைச் சேமித்துவிட்டு, நண்பரிடம் கொடுத்து ஏதாவது ஒன்றை ரகசியமாகக் கெடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் கண்டுபிடியுங்கள். பத்து லேப் மேனுவலைவிட இது மேல்.

கேபிள் அடிக்கவும் தெரிய வேண்டும். டி568பி என்ற தரத்தின் நிற வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். பச்சை ஜோடி நடுவில் பிரிந்து 3, 6 என்று உட்காருவதைக் கவனியுங்கள். அதைப் பிரிக்காமல் நிறம் நிறமாக அடுக்கினால் டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காகவே எரியும். லிங்க் மட்டும் தடுமாறும். ஒரு சிக்னல் இரு வேறு ஜோடிகளின் கம்பிகளில் போவதால், முறுக்கு கொடுக்கும் இரைச்சல் தடுப்பு போய்விடுகிறது. கனெக்டர் அருகே முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள்.

முதலில் சொன்ன கேள்விக்கு, போய்வரும் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருள் பதில் தரும். உங்கள் லேப்டாப்பில் மட்டும் ஓட்டுங்கள். ஹாஸ்டல் வைஃபையில் அடுத்தவர் டிராஃபிக்கைப் பிடிப்பது வம்பு. டி.என்.எஸ். (வெப்சைட் பெயரை ஐ.பி. முகவரியாக்கும் சேவை) கேள்வி போய்ப் பதில் வரவில்லையா, கோளாறு பெயர்த் தேடலில். இணைப்பைக் கேட்கும் சின் போய், அதற்கு ஒப்புதலான சின்-ஆக் திரும்பவில்லையா, பெரும்பாலும் நடுவில் ஃபயர்வால் விழுங்குகிறது. இணைப்பை மறுக்கும் ஆர்.எஸ்.டி. உடனே வந்தால் சர்வரின் அந்த போர்ட் எண்ணில் கேட்க எந்த மென்பொருளும் இல்லை, அல்லது வழியில் யாரோ துண்டிக்கிறார்கள்.

சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் சான்றிதழான சி.சி.என்.ஏ. (200-301) தேர்வை ஆறாவது, ஏழாவது செமஸ்டருக்குத் தள்ளிவையுங்கள். கட்டணம் 300 டாலர், வரி தனி. சான்றிதழ் 3 ஆண்டுதான் செல்லும். இரண்டாம் ஆண்டிலேயே எழுதினால் வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளில் காலாவதி. 120 நிமிடத் தேர்வில் ஒரு கேள்வியைத் தாண்டினால் திரும்பி வர முடியாது. ரவுட்டிங் பகுதிக்கு மட்டும் 25 சதவீதம், ஆட்டோமேஷனுக்கு 10. அதற்காகவாவது பைத்தான் தொட்டுவையுங்கள். டம்ப் (கசிந்த தேர்வுக் கேள்விகளின் தொகுப்பு) மனப்பாடம் செய்து பாஸானவர் நேர்முகத்தின் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார்.

ரெஸ்யூமேயில் 'ஓ.எஸ்.பி.எஃப். தெரியும்' என்று (ரவுட்டர்கள் வழிகளைப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறை அது) வெறுமனே எழுதாமல், கட்டிய டோபாலஜி (நெட்வொர்க் வரைபடம்), கான்ஃபிக், கண்டுபிடித்த கோளாறுகளின் குறிப்பு ஆகியவற்றை கிட்ஹப்பில் போட்டு லிங்க் கொடுங்கள். எழுதியதிலிருந்துதான் கேட்பார்கள்: "நெய்பர் எக்ஸ்ஸ்டார்ட்லயே நிக்குதே, ஏன்?" அதாவது, அண்டை ரவுட்டருடன் ஓ.எஸ்.பி.எஃப். உறவு பாதியிலேயே நிற்கிறது. இரு பக்கமும் எம்.டி.யூ. (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) ஒன்றாக இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.