பில் ஏறியது ஏன் என்று தேடியபோது

மார்த்தாண்டத்தில் ஒரு முந்திரிக் கம்பெனிக்கு ஐடி வேலை பார்க்கிறேன். டீம் என்றால் நானும் ஒரு தம்பியும்தான். எங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் ஏடபிள்யூஎஸ் (அமேசானின் வாடகை சர்வர் சேவை) மும்பையில், கோப்புகள் அசூர் (மைக்ரோசாஃப்டின் அதே மாதிரி சேவை) சென்னையில். மாதாமாதம் இந்த வாடகைச் செலவு ஏறியது. முதலாளி, “என்னடே, கொட்டை வறுக்கிற செலவைத் தாண்டிரும் போலிருக்கே?” என்றார்.

இரண்டையும் ஒரே திரையில் காட்டும் தளங்களின் டெமோவை ஒரு வாரம் பார்த்தேன். அதில் ஒன்றான அசூர் ஆர்க், அசூருக்கு வெளியே உள்ள சர்வர்களையும் சேர்த்துக் காட்டும். பெரிய டீமுக்கு நல்லது. எங்களிடம் இருப்பதோ 9 சர்வர். மற்றவற்றின் சந்தாவே மிச்சமாகும் பணத்தை விழுங்கிவிடும்.

சரி என்று, கையிலிருந்த காஸ்ட் எக்ஸ்ப்ளோரரிலேயே (ஏடபிள்யூஎஸ்ஸில் செலவைக் காட்டும் கருவி) பயன்பாட்டு வகை வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். குட்டு உடைந்தது. சர்வரை அழித்திருந்தோம், டிஸ்க்கை அழிக்கவில்லை! எதிலும் சேராத டிஸ்க்குக்கும் வாடகை உண்டு. பொது ஐபிவி4 முகவரிக்கும் (இணையத்தில் சர்வரை அடையும் எண்) அப்படித்தான்: 2024 பிப்ரவரி முதல், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் மணிக்கு 0.005 டாலர். சும்மா கிடந்த முகவரிகள் நான்கு. தப்பு எங்களுடையதுதான்.

எல்லாவற்றையும் நீக்கி, பட்ஜெட் எச்சரிக்கை வைத்தேன். இப்போது எது எதற்கு என்று சொல்லும் டேக் போடாமல் தம்பி எதையும் திறப்பதில்லை. அசூர் பக்கம் பழைய ஸ்னாப்ஷாட்டுகள் (டிஸ்க்கின் நகல்கள்) கொஞ்சம் கிடக்கின்றன. ஓணம் லீவுக்குள் பார்க்க வேண்டும்.