‘80 டேஸ்’ விளையாட்டில் முதல் உலகப் பயணம்: தொடக்கநிலையாளருக்கான செய்முறை விளக்கம்

ஜூல்ஸ் வெர்ன் 1873இல் நூலாக வெளியிட்ட உலகப் பயண நாவலைத் தழுவி, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த இங்கிள் நிறுவனம் 2014இல் ‘80 டேஸ்’ விளையாட்டை வெளியிட்டது. நாவலைப் போலவே 1872இல் நிகழும் இக்கதையில், அந்நாவலில் இல்லாத இயந்திர மனிதர்களும் விசித்திர ஆகாயக் கப்பல்களும் உலவுகின்றன. 80 நாள்களில் உலகைச் சுற்றி லண்டன் திரும்புவதாகப் பந்தயம் கட்டிய ஃபிலியாஸ் ஃபாக்காக அல்லாமல், அவருடைய பணியாளர் பாஸ்பார்ட்டூவாகவே நாம் ஆடுகிறோம் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

முதலில் விளையாட்டை நிறுவுங்கள். ஐபோன், ஆண்ட்ராய்டு, கணினி, நின்டெண்டோ ஸ்விட்ச் ஆகியவற்றுக்கு இது வெளிவந்துள்ளது. கதை முழுவதும் ஆங்கில எழுத்தாகவே வருவதால், விரல் வேகத்தைவிட வாசிப்புப் பொறுமையே இங்கு அதிகம் தேவைப்படும்.

அடுத்து, லண்டனிலிருந்து புறப்படும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள். இடம் குறைவு என்பதால், கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கி அடைக்க இயலாது. ஒவ்வொரு பொருளின் குறிப்பையும் படித்தால், அது எந்த ஊரில் நல்ல விலைக்குப் போகும், எவ்வகைப் பயணத்தில் ஃபாக்கின் களைப்பைக் குறைக்கும் என்பவை தெரியவரும். போகும் திசையில் விற்கக்கூடிய ஒரு பொருளையும், வழிகளைக் காட்டும் பயண அட்டவணை கிடைத்தால் அதையும் வாங்குவது என் பரிந்துரை.

மூன்றாவது படிதான் ஆட்டத்தின் உயிர்நாடி. ஒரு நகரிலிருந்து எங்கெல்லாம் செல்லலாம் என்பது தொடக்கத்தில் முழுமையாகத் தெரிவதில்லை. ஊரைச் சுற்றிப் பார்த்தும், உடன் பயணிப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தும் வழிகளைக் கண்டறிய வேண்டும். பேச்சில் நேர்த்தியான விடையைத் தேடுவதைவிட, எதிரிலிருப்பவரின் ஊரையும் பயணத்தையும் பற்றிக் கேட்பதே பெரும்பாலும் பயன் தரும். மெக் ஜெயந்த் எழுதியுள்ள இக்கதையில் ஆசிய, ஆப்பிரிக்க மக்கள் வெறும் பின்னணியாக நிறுத்தப்படாமல், தமக்கெனச் சொந்த அரசியலும் நோக்கமும் உடையவர்களாக வருகிறார்கள். வழி கேட்பதற்காக மட்டும் பேசுபவர் இவ்விளையாட்டின் சிறந்த பகுதியை இழந்துவிடுவார். ஆனால் பேச்சிலேயே மூழ்கி ஃபாக்கைக் கவனிக்காமல் விட்டால், கடுமையான பயணங்களில் அவருடைய உடல்நலம் விரைவாகச் சரியும். அது பாதிக்குக் கீழே இறங்குமுன் ஒருநாள் அவருக்குப் பணிவிடை செய்யுங்கள், அல்லது விடுதியில் தங்குங்கள்.

நகரில் நிற்கும்போது கடிகாரம் தானாக ஓடிக்கொண்டிருக்கும். யோசித்தபடி வரைபடத்தைப் பார்த்திருந்தால் வண்டி புறப்பட்டுவிடும். எனவே அடுத்த ஊரை முந்தைய பயணத்திலேயே முடிவு செய்து வைப்பது நல்லது. சில வண்டிகளை முன்கூட்டியே புறப்படச் செய்யக் கூடுதல் பணம் கொடுத்துப் பேரம் பேசலாம். பணம் தீர்ந்தால் பெருநகர வங்கிகளில் பெறலாம் என்றாலும், கேட்கும் தொகை பெரிதாக இருந்தால் காத்திருக்கும் நாள்களும் கூடும். சந்தையில் பொருளை விற்பது அதைவிட மேல்.

80 நாள்கள் கடந்தாலும் ஆட்டம் முடிந்துவிடாது. பந்தயத்தில் தோற்றாலும் லண்டன் வரை சென்று சேரலாம். முதன்முறை சூயஸ் வழியாகச் சென்றிருந்தால், மறுமுறை ரஷ்யாவின் வழியாகக் கிழக்கே செல்லுங்கள். ஊர்களும் மனிதர்களும் பெரும்பாலும் புதியவர்களாக இருப்பார்கள்.