ஸ்டோரில் அடித்தால் பேரேட்டில் விழும்: ஈஆர்பியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈஆர்பி என்பது ஸ்டோர், உற்பத்தி, விற்பனை, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் மென்பொருள். அதை வாங்கும் முதலாளிகளில் பலர் அதைக் கணக்குப் பிரிவுக்கு வரும் இன்னொரு மென்பொருள் என்றே நினைக்கிறார்கள். ஸ்டோர், உற்பத்தி, விற்பனை எல்லாம் அதோடு வரும் இலவச இணைப்பு என்பது அவர்கள் எண்ணம். தவறுகளில் பாதி இங்கேயே தொடங்கிவிடுகின்றன. பழைய முறையில் பில்லும் வவுச்சரும் கணக்கரின் மேசைக்கு வரும். அவர் ஒரு முறை முறைத்துப் பார்த்த பிறகுதான் பேரேட்டில் ஏறும். ஒருங்கிணைந்த முறையில் அந்த வடிகட்டி கிடையாது. சரக்கு வந்ததாக ஸ்டோர்கீப்பர் பதிவைச் சேமித்த உடனே இருப்புக் கணக்கில் பற்று விழுந்துவிடும். பற்று, வரவு என்ற சொற்களையே அறியாத ஒருவர் நாள் முழுவதும் பேரேடு எழுதிக்கொண்டிருப்பார். பயிற்சி வகுப்புக்குக் கணக்குப் பிரிவை மட்டும் அனுப்பிவிட்டு ஸ்டோரை அனுப்பாத நிறுவனங்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஒரு திருகாணிப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். பெட்டி ரூ.200, உள்ளே 100 திருகாணிகள். வாங்குவது பெட்டிக் கணக்கில், உற்பத்திக்குக் கொடுப்பது எண்ணிக்கைக் கணக்கில். பொருள் பட்டியலை உருவாக்கியவர் ‘1 பெட்டி = 100’ என்ற மாற்று விகிதத்தைப் போட மறந்துவிட்டார். 50 பெட்டிகள் வருகின்றன. இருப்பில் 50 திருகாணிகள், ஒன்று ரூ.200 வீதம், ஆக ரூ.10,000. மொத்தத் தொகை பில்லோடு சரியாகப் பொருந்துவதால் யாருக்கும் சந்தேகம் வராது. அடுத்த வாரம் உற்பத்திப் பிரிவு 300 திருகாணிகளை எடுக்கிறது. ரூ.600 ஏற வேண்டிய இடத்தில் ரூ.60,000 செலவு ஏறுகிறது; இருப்பு மைனஸ் 250 காட்டுகிறது. இருப்பு மைனஸில் போக அனுமதித்திருந்தால் மென்பொருள் மூச்சுவிடாது. மாதக் கடைசியில் அந்தப் பொருள் நஷ்டத்தில் ஓடுவதாக அறிக்கை வரும். அதை நம்பி விற்பனை மேலாளர் விலையையும் ஏற்றிவிடுவார்.

அமெரிக்காவின் டார்கெட் நிறுவனம் கனடாவில் கடை திறந்தபோது இதே ரகத் தவறு பெரிய அளவில் நடந்தது. அவசர அவசரமாக ஏற்றிய பொருள் விவரங்களில் சென்டிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் அங்குலம், நீளம் இருக்க வேண்டிய இடத்தில் அகலம். கிடங்குகளில் சரக்கு பிதுங்கியது, கடை அலமாரிகள் காலியாகக் கிடந்தன. 2013இல் திறக்கத் தொடங்கிய கடைகள், 133ஆகப் பெருகியிருந்த நிலையில், 2015இல் மொத்தமாக மூடப்பட்டன. அந்தத் தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் பொருள் பட்டியலைச் சுத்தம் செய்யும் வேலையைப் புதிதாகச் சேர்ந்த பையனிடம் தள்ளிவிடும் எவரும் இந்தக் கதையை ஒரு முறை படிப்பது நல்லது.

கணக்கர்கள் செய்யும் தவறு வேறு வகை. சரக்கு வந்து பில் வராத இடைவெளிக்காக ஈஆர்பியில் ஒரு இடைக்கணக்கு இருக்கும். சரக்கு வந்ததும் இருப்பில் பற்று, இடைக்கணக்கில் வரவு. பில் வந்ததும் இடைக்கணக்கில் பற்று, விற்றவர் கணக்கில் வரவு. இரண்டும் நேர்ந்தால் இடைக்கணக்கு பூஜ்யமாகும். ஆனால் பில்லைக் கொள்முதல் ஆணையோடு இணைக்காமல், பழைய பழக்கத்தில் நேரடியாகக் கொள்முதல் செலவில் போட்டுவிடுகிறார் கணக்கர். இப்போது அதே சரக்கு இருப்பிலும் இருக்கிறது, செலவிலும் இருக்கிறது; யாருக்கும் கொடுக்க வேண்டாத ஒரு கடன் இடைக்கணக்கில் தொங்குகிறது. பற்று, வரவு மொத்தங்களை ஒப்பிடும் இருப்பாய்வு (ட்ரயல் பேலன்ஸ்) மட்டும் அழகாகச் சமன்படும்! மார்ச் மாதம் ஆடிட்டர் கேட்கும்போது அங்கே சில லட்சங்கள் சேர்ந்திருக்கும். ஒரே ஒரு ஜர்னல் பதிவில் அதைத் துடைத்துவிடுவார்கள். எங்கே சேர்ப்பது என்று தெரியாத தொகைகளைத் தள்ளிவைக்கும் அனாமத்துக் கணக்கைப் பெயர் மாற்றி வளர்ப்பது போன்றதுதான் இது. மாதா மாதம், ஆணை வாரியாக, இந்தக் கணக்கைத் திறந்து பார்ப்பதற்கு மாற்று வழி இல்லை.

‘எங்கள் நிறுவனத்தின் முறையே வேறு’ என்று மென்பொருளை வளைப்பதுதான் அதிகம் பணம் தின்னும் தவறு. ஜெர்மனியின் லிட்ல் பல்பொருள் அங்காடிகள் இருப்பைக் கொள்முதல் விலையில் மதிப்பிட்டுப் பழகியவை. அவர்கள் தேர்ந்தெடுத்த எஸ்ஏபி நிறுவனத்தின் மென்பொருள் சில்லறை விலையை அடிப்படையாகக் கொண்டது. பழக்கத்தை விடாமல் மென்பொருளைத் திருத்தப் போனார்கள். 2011இல் தொடங்கிய வேலை 2018இல் கைவிடப்பட்டது. செலவு ஏறத்தாழ 50 கோடி யூரோ என்று ஜெர்மானியப் பத்திரிகைகள் எழுதின.

இங்கிலாந்தின் பர்மிங்காம் மாநகராட்சியின் கதை இன்னும் மோசம். சுமார் 2 கோடி பவுண்டில் முடியும் என்று தொடங்கிய, ஆரக்கிள் நிறுவனத்தின் ஈஆர்பி மென்பொருள் திட்டம் 2022 ஏப்ரலில் பயன்பாட்டுக்கு வந்தது. மென்பொருளை உள்ளபடி ஏற்பதாகத்தான் முதலில் முடிவு. பிறகு பழைய வழக்கங்களுக்காக ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். அப்படித் திருத்தியதில் ஒன்று, வங்கிக் கணக்கையும் சொந்தக் கணக்கையும் ஒப்பிட்டுப் பொருத்தும் வங்கிச் சரிக்கட்டும் பகுதி. அது ஒழுங்காக வேலை செய்யவில்லை. வந்த பணம் எந்தக் கணக்குக்கு உரியது என்று ஆட்கள் உட்கார்ந்து கையால் தேட வேண்டியதாயிற்று. 2023 செப்டம்பரில் மாநகராட்சி தன் நிதி நெருக்கடியை முறைப்படி அறிவித்தபோது, பெண் ஊழியர்களுக்கு ஆண்களுக்கு நிகராகத் தர வேண்டிய சம ஊதிய நிலுவை முதன்மைக் காரணமாக இருந்தது. இந்த மென்பொருளும் பட்டியலில் இடம்பெற்றது. செலவு மதிப்பீடு பின்னர் 10 கோடி பவுண்டைத் தாண்டியது. வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் பதினொன்றாம் வகுப்புப் பாடம். அதைச் சோதித்து முடிக்காமல் ஒரு மாநகராட்சியின் கணக்கைப் புது மென்பொருளுக்கு மாற்றியதை எப்படிப் பார்த்தாலும் நியாயப்படுத்த முடியாது.

நாள் குறிப்பதிலும் தவறு உண்டு. ஹெர்ஷீஸ் சாக்லேட் நிறுவனம் 48 மாத வேலையை 30 மாதமாகச் சுருக்கி, 1999 ஜூலையில், ஹாலோவீன் பண்டிகை ஆர்டர்கள் குவியும் நேரத்தில் மூன்று மென்பொருள்களை ஒருசேரத் தொடங்கியது. சுமார் 10 கோடி டாலர் ஆர்டர்களை அனுப்ப முடியவில்லை. சரக்கு இருந்தது, அதன் ஒரு பகுதியை வைத்திருந்த தற்காலிக இடங்கள் மென்பொருளில் ஏற்றப்படாததால் இல்லாததாகிவிட்டது. நம் ஊரில் எல்லோரும் ஏப்ரல் 1 என்று நாள் குறிக்கிறார்கள். நிதியாண்டுக்கு அது வசதிதான். ஆனால் கணக்குப் பிரிவு முந்தைய ஆண்டை மூடும் வேலையில் கழுத்துவரை மூழ்கியிருக்கும் நேரமும் அதுவே. மந்தமான ஒரு மாதத்தில் தொடங்குவது மேல். ஆரம்ப இருப்புகளை ஏற்றும்போது வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒரே தொகையாகப் போடாமல் பில் பில்லாக ஏற்றுங்கள். இல்லாவிட்டால் யார் எத்தனை நாள் பாக்கி என்ற கேள்விக்குப் பழைய மென்பொருளையே திறக்க வேண்டியிருக்கும். பிறகு அதை மூடவே முடியாது.

கடைசியாக, உரிமக் கட்டணத்தை மிச்சப்படுத்த நான்கு பேர் ஒரே கடவுச்சொல்லில் நுழையும் வழக்கம். புதிய சப்ளையரைச் சேர்ப்பவர், ஆணை போடுபவர், பணத்தை விடுவிப்பவர் மூவரும் மென்பொருளின் கண்ணுக்கு ஒரே ஆள். இந்தியாவில் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள், ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிவு செய்ய வேண்டும், அந்தப் பதிவை அணைக்கவும் முடியக்கூடாது என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதைப் பின்பற்றியதா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் எழுதியாக வேண்டும். நான்கு பேர் ஒரே பெயரில் நுழைந்தால், யார் திருத்தினார் என்ற அவருடைய கேள்விக்கு அந்தப் பதிவிலும் விடை கிடைக்காது.