ஜார்ஜ்டவுன் சுவர்ச் சிரிப்புகள்: பார்ப்பதும் படமெடுப்பதும்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் தெருச் சித்திரங்கள் முக்கியமாக இரண்டு வகை. லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் 2012-இல் ஜார்ஜ்டவுன் விழாவுக்காக வரைந்தவை ஒன்று. பலவற்றில் நிஜப் பொருளைச் சுவரோரம் வைத்து, ஆளை மட்டும் வரைந்திருப்பார். மற்றது, இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த 52 கேலிச்சித்திரங்கள்.

காலை 7.30-க்கு லெபோ ஆர்மீனியனில் தொடங்குங்கள் (மலாயில் ‘லெபோ’ என்றால் தெரு). பத்து மணிக்கு மேல் சைக்கிள் ஓவியத்துக்கு வரிசை கட்டிவிடும். நிஜ சைக்கிளை அக்கா ஓட்டுகிறாள். பின்னால் தம்பி அவளை இறுகக் கட்டிக்கொண்டிருக்கிறான். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். சைக்கிள் சுவரிலிருந்து துருத்திக்கொண்டிருக்கிறது, பிள்ளைகளோ தட்டைச் சுவரில் இருக்கிறார்கள். பக்கவாட்டில் இரண்டடி நகர்ந்தாலே அக்கா சீட்டைவிட்டு வழுக்கிவிடுவாள். நேர் எதிரே மூன்று நான்கு மீட்டர் தள்ளி நின்று, போனை ஹேண்டில்பார் உயரத்துக்குத் தாழ்த்திப் பிடியுங்கள். அகலக் கோணம் வேண்டாம், சக்கரம் நீள்வட்டமாகிவிடும். லெபோ கேனனில் நாற்காலிமேல் நின்று எட்டிப் பிடிக்கும் பையனுக்கும், லெபோ ஆ குவியின் பழைய மோட்டார் சைக்கிளுக்கும் இதே முறைதான்.

கம்பிச் சித்திரத்துக்கு வெயில்தான் எதிரி. கம்பி சுவரைவிட்டுச் சற்று விலகி நிற்பதால், வெயில் பட்டதும் ஒவ்வொரு கோட்டுக்கும் நிழற்கோடு ஒன்று சேர்ந்து, முகமும் எழுத்தும் குழம்பிவிடும். பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் 1.15 வாக்கில், அந்த நேரத்தைத் தவிர்த்து, சுவர் முழுக்க நிழலில் இருக்கும்போது எடுங்கள்.

படத்தைவிட முக்கியம், கூடவே இருக்கும் வாசகம். கம்பிச் சித்திரத்தின் சிரிப்பு அந்தத் தெருவின் கதையில்தான் இருக்கிறது. லெபோ கேனன் என்ற பெயருக்குப் பின்னால் 1867 கலவரத்தில் பாய்ந்த பீரங்கிக் குண்டு இருக்கிறது. லவ் லேனில் பணக்காரர்கள் ஆசைநாயகிகளை வைத்திருந்தார்கள் என்பது ஊர்ப்பேச்சு; அங்குள்ள சித்திரம் அதைத்தான் கிண்டலடிக்கிறது. லெபோ முந்த்ரியில் சீன வேலைக்காரப் பெண்கள் தங்களைப் பற்றியே சொல்லிக்கொண்ட சொலவடை, ‘ஒரே காலால் எல்லாவற்றையும் உதைப்பது’. சமையல், துணி, பிள்ளை எல்லாம் ஒருத்தி தலையில்! நகரத்தில் இதைவிடக் கூர்மையான வாசகம் இல்லை என்போம். இவற்றுக்குப் போகும் வழியில் லெபோ சூலியா வரும். தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குடித்துவிட்டுப் போகலாம்.

லெபோ முந்த்ரியிலேயே, இரண்டு நிஜ ஜன்னல்களின் மேல் கையூன்றித் தொங்கும் நீலச் சட்டைச் சிறுமி இருக்கிறாள். இது பெரிது, எதிர்ச்சாரிக்குப் போய்தான் எடுக்க முடியும். வண்டி பார்த்துக் கடக்கவும்.

ஓவியத்தில் கை வைக்காதீர்கள். பழைய கடைவீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சும் கொண்டவை. தரையின் ஈரம் சுவரேறி, உப்புப் பூத்து, வண்ணத்தை உள்ளிருந்தே தள்ளுகிறது. அப்படித் தளர்ந்த இடம் விரல் பட்டாலே உதிரும்.