பால்கனியில் குளவிக் கூடா? ஒட்டடைக் கம்பை எடுக்கும் முன் இதைப் படியுங்கள்

மடிப்பாக்கத்தில் நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி. போன ஆகஸ்டில் ஏசி வெளி யூனிட்டுக்கு மேலே, சன்ஷேடின் அடியில் ஒரு குளவிக் கூடு வந்திருந்தது. பகல் பதினொரு மணிக்கு எண்ணிப் பார்த்தேன், நான்கு குளவிகள். ராத்திரியில் குளவிக்குக் கண் தெரியாது, அப்போது தட்டிவிட்டால் போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். எட்டு மணிக்குச் செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு ஒட்டடைக் கம்போடு போனேன். கூட்டின் மேல் இருபதுக்குக் குறையாமல் இருந்தன. கம்பு பட்டதும் நேராக வெளிச்சத்தை நோக்கி, அதாவது என் கையை நோக்கி வந்தன. மூன்று கொட்டு. மோதிர விரல் வீங்கிப்போய், மறுநாள் நகைக்கடையில் மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தார்கள்.

அதன் பிறகு இந்த ஒரு வருடத்தில் எங்கள் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் ஏழெட்டுக் கூடுகளைப் பார்த்தாயிற்று. ஒன்றில்கூட யாருக்கும் கொட்டு விழவில்லை. என்ன செய்தோம் என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: எந்தக் குளவி?

மண் கூடு என்றால் பயமே வேண்டாம். கட்டுவது தனிக் குளவி. ஒரே ஒரு பெண் குளவி மண்ணை உருட்டி உருட்டிக் கொண்டுவந்து கட்டும். காவலுக்குப் படை கிடையாது. கையில் பிடித்து நசுக்கினால் தவிர கொட்டாது. கறுப்பும் மஞ்சளுமாக, இடுப்பு நூல் போல மெலிந்திருக்கும் ஒரு வகை நம் ஊரில் உண்டு. அதன் அறிவியல் பெயரே ஸ்கெலிஃப்ரான் மதராஸ்பட்டானம். 1781இல் ஃபாப்ரீசியஸ் வைத்த பெயர், நம் மதராஸ்பட்டினம்தான் அதில் இருக்கிறது. இது சிலந்திகளைக் கொட்டி மயக்கி, மண் அறைக்குள் அடைத்து, முட்டையிட்டு மூடிவிடும். சின்னப் பானை மாதிரி கட்டும் இன்னொரு வகை, சிலந்திக்குப் பதில் புழுக்களை அடைக்கும். குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைப் பார்த்துத்தான். புழு உள்ளே போனதையும் குளவி வெளியே வந்ததையும் சரியாகத்தான் கவனித்திருக்கிறார்கள். நடுவில் நடப்பது வேறு: முட்டையிலிருந்து வரும் குஞ்சு, அடைத்து வைத்த புழுவைத் தின்று வளர்கிறது.

சாம்பல் நிறத்தில், காகிதம் மாதிரி, கீழ்ப்பக்கம் அறைகள் திறந்தபடி ஒரு சின்னக் காம்பில் தொங்கினால் அது காகிதக் குளவி. இந்தப் பதிவில் பெரும்பகுதி இதைப் பற்றியதுதான்.

கூட்டைச் சுற்றி உறை மூடியிருந்து, மண் நிறத்தில் அலை அலையாகக் கோடுகளோடு, ஒரு துவாரம் மட்டும் தெரிந்தால் அது கதண்டு. தெற்கே கடந்தை என்பார்கள். இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்குப் பெரிய கறுப்பு உடம்பு, வயிற்றின் முன்பக்கம் அகலமான மஞ்சள் பட்டை. இதை நீங்கள் தொடவே கூடாது. படி 2, 3, 4 எதுவும் இதற்குப் பொருந்தாது. குழந்தைகளை உள்ளே அழைத்துக்கொண்டு, ஜன்னலைச் சாத்திவிட்டு தீயணைப்புத் துறைக்கு, 101க்குப் போன் செய்யுங்கள். தீப்பந்தம் கட்டுவது, மண்ணெண்ணெய் ஊற்றுவது, கல்லெறிவது எதுவும் வேண்டாம். தமிழ்நாட்டில் கதண்டு கொட்டி உயிர் போன செய்திகள் அடிக்கடி வருகின்றன. ஒன்று கொட்டினால் அந்த விஷத்தின் வாசனையே மற்றவற்றையும் கூப்பிட்டுவிடும்.

படி 2: இருக்கட்டுமா, எடுக்கலாமா?

நீங்கள் தினமும் கை வைக்கும் இடமா? துணி உலர்த்தும் கொடி, கேஸ் சிலிண்டர் மூலை, குழந்தை எட்டும் கிரில் என்றால் எடுக்க வேண்டும். சன்ஷேடின் மூலையில் ஆள் படாத இடமென்றால் விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கட்சி. காகிதக் குளவி தானாகத் தேடி வந்து கொட்டாது. கூடு அதிர்ந்தால்தான் கொட்டும்.

எங்கள் மாடியில் எலுமிச்சைச் செடி இருக்கிறது. ஒருநாள் காலையில் ஒரு குளவி இலைப்புழுவைப் பிடித்து, கால்களால் சுழற்றிச் சுழற்றி மென்று, பச்சை உருண்டையாக்குவதைக் கிட்டத்தில் நின்று பார்த்தேன். மிளகளவு உருண்டை. அதைத் தூக்கிக்கொண்டு நேராகக் கூட்டுக்குப் போனது. அந்த வருடம் செடிக்கு நான் மருந்தே அடிக்கவில்லை.

குளிர்காலம் வரட்டும், கூடு தானாகச் செத்துவிடும் என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வார்கள். அது குளிர்நாட்டுக் கதை. நம் ஊரில் வருடம் முழுக்கக் கூடு இருக்கும். ராணியைக் கொன்றால் போதும் என்பதும் சரியல்ல. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தது நம் வீடுகளில் கூடு கட்டும் காகிதக் குளவி ஒன்றைத்தான். ராணியை எடுத்துவிட்டால், வேலைக்காரக் குளவிகளில் ஒன்று உடனே மூர்க்கமாகி, சில நாளில் தானே முட்டையிடத் தொடங்கிவிடுகிறது.

படி 3: எண்ணுங்கள், ஆனால் பகலில் அல்ல

நான் தவறியது இங்கேதான். பகலில் பாதிக்கு மேல் இரை தேடியும், தண்ணீருக்கும், கூடு கட்ட நார் எடுக்கவும் வெளியே போயிருக்கும். பகலில் எண்ணியது பொய்க் கணக்கு. இருட்டிய பிறகுதான் எல்லாம் வீடு திரும்பும்.

எப்படி எண்ணுவது? பால்கனி விளக்கை அணையுங்கள். கண்ணாடி ஜன்னலைச் சாத்தி, உள்ளே நின்றே பாருங்கள். டார்ச்சின் முகத்தில் சிவப்பு ஜெலட்டின் தாளை இரண்டாக மடித்து ரப்பர் பேண்ட் போடுங்கள். சிவப்பு நிறம் குளவிக்குச் சரியாகத் தெரியாது. வெள்ளை வெளிச்சம்தான் அவற்றை இழுக்கும். கண் தெரியாது என்று சொன்னவர்கள் இந்த வெளிச்சத்தை மறந்துவிட்டார்கள். செல்போன் டார்ச் வேண்டவே வேண்டாம், அதைக் கையை நீட்டிப் பிடித்தால் கைதான் குறி. சட்டைப்பையில் போடும் சின்ன டார்ச் போதும், அதையும் ஜன்னல் விளிம்பில் வைத்துவிடுங்கள்.

இரண்டு இரவு எண்ணுங்கள். மூன்றுக்குள் இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம். அதற்கு மேல் இருந்தால் பூச்சி ஒழிப்பு ஆட்களைக் கூப்பிடுங்கள். முன்பு எப்போதாவது பூச்சி கொட்டி உடம்பு முழுக்கத் தடித்தவர்கள், எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் கிட்டே போகக் கூடாது.

படி 4: எடுப்பது

நல்ல மதியம், கூட்டில் ஒன்றும் இல்லாத நேரம் பார்த்து, நீளக் கம்பின் நுனியில் பெயிண்டர்கள் பட்டி பூசும் தகட்டைக் கட்டி ஒரே இழுப்பில் எடுங்கள். முழுக்கைச் சட்டை, மூடிய செருப்பு, கையில் மோதிரம் கூடாது. ஸ்பிரே டப்பா எனக்குப் பிடிக்காது. பாதி செத்த குளவி எங்கே விழும் என்று தெரியாது, வெறுங்காலோடு போய் அதை மிதிப்போம்.

காம்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். கூட்டைத் தட்டி, காம்பின் அடியை விட்டால் அதே இடத்தில் திரும்பவும் கட்டுகின்றன, இரண்டு முறை பார்த்துவிட்டேன். சுவர் வரை சுரண்டி, சோப்புத் தண்ணீரில் துடையுங்கள். வெளியே போன குளவிகள் திரும்பி வந்து அந்த இடத்தையே இரண்டு மூன்று நாள் சுற்றும். அதுவரை அந்த ஜன்னலைத் திறக்காதீர்கள்.

மண் கூட்டுக்கு இவ்வளவு இல்லை. வட்ட ஓட்டை இருந்தால் குஞ்சு பறந்துவிட்டது, சுரண்டிவிடலாம்.

கொட்டிவிட்டால்

முதலில் அங்கிருந்து நகருங்கள். மோதிரம், வளையலை உடனே கழற்றுங்கள், வீங்கிய பிறகு வராது. சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வைக்க வேண்டும். கீழ்வீட்டு மாமி அன்போடு சுண்ணாம்பு கொண்டுவந்தார். அது தோலைப் புண்ணாக்கும், வேண்டாம். தேனீ கொடுக்கை விட்டுப் போகும், குளவி விட்டுப் போகாது, அதனால் தேடிப் பிடுங்க ஒன்றுமில்லை. ஆனால் ஒரே குளவி பல முறை கொட்டும். மூச்சுத் திணறல், உதடோ நாக்கோ வீங்குதல், தலைசுற்றல் வந்தால் ஒரு கொட்டாக இருந்தாலும் 108. பல இடத்தில் கொட்டியிருந்தால், நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

பின்சேர்க்கை 1: ஏசியிலிருந்து ஹாலுக்குள் தண்ணீர் ஒழுகுகிறது, அதற்கும் குளவிக்கும் சம்பந்தம் உண்டா என்று ஒருவர் கேட்டிருந்தார். உண்டு. தண்ணீர் வெளியேறும் குழாயின் வாய் மண் குளவிக்குக் கட்டித் தந்த வீடு மாதிரி. 1996இல் டொமினிகன் குடியரசு அருகே 189 பேரோடு கடலில் விழுந்த விமானத்தில், வேகம் காட்டும் குழாயை அடைத்தது மண் குளவிக் கூடாக இருக்கலாம் என்றே சந்தேகித்தார்கள். குழாய் வாயில் கொசுவலைத் துண்டைச் சுற்றி ஜிப் டை போடுங்கள். பாசி பிடிக்கும், மாதம் ஒருமுறை கழுவ வேண்டும்.

பின்சேர்க்கை 2: அம்பத்தூரிலிருந்து ஒருவர், தண்ணீர்த் தொட்டியின் அடியில் ஒரு முழ அகலத்துக்குப் பெரிய கூடு என்று படம் அனுப்பினார். அது குளவியே இல்லை, மலைத்தேனீ. அரைவட்ட அடை முழுக்கத் தேனீக்கள் போர்த்தியிருந்தால் அதுதான். சீண்டினால் கூட்டமாகத் துரத்தும், சீண்டாவிட்டால் சில மாதத்தில் தானே இடம் மாறிப் போகும். தொட்டி கழுவ வருபவரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஏசி மெக்கானிக், பெயிண்டர், கேபிள்காரர் யாராக இருந்தாலும் அப்படித்தான். கூடு எங்கே என்று நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.