கதிர்வீச்சைப் பிரித்துக் கொடுத்த கதை: சொல்லும்போது எங்கெல்லாம் சறுக்குகிறோம்

நம்மூரில் 'கரண்ட் வைப்பது' என்கிறார்களே, அந்தக் கதிர்வீச்சு சிகிச்சையை ஏன் ஒரே நாளில் முடிக்காமல் ஐந்தாறு வாரம் இழுக்கிறார்கள்? நல்ல திசுவைக் காப்பாற்ற யாரோ முதலிலேயே யோசித்து வைத்த வழி என்று எழுதிவிடுகிறோம். அப்படி நடக்கவில்லை.

1896-இல் வியன்னாவில் லியோபோல்ட் ஃப்ராய்ண்ட், முதுகில் முடி மண்டிய பெரிய மச்சம் இருந்த ஒரு சிறுமிக்குத் தினமும் மணிக்கணக்கில் எக்ஸ்-ரே கொடுத்தார். அந்தக் காலத்துக் குழாய்க்கு அவ்வளவுதான் தெம்பு, அதனால்தான் நாள் கணக்கு. முடி கொட்டியது, கூடவே முதுகில் மோசமான புண்ணும் வந்தது.

அடுத்த சறுக்கல் செம்மறிக் கடா. 1920-களில் பாரிஸ் ரேடியம் நிறுவனத்தில் கிளாடியஸ் ரெகோ பார்த்தது இது: ஒரே தடவையில் கடாவை மலடாக்கப் போனால் விதைப்பைத் தோல் வெந்துபோகிறது, இடைவெளி விட்டுக் கொடுத்தால் மலடாகிறது, தோல் தப்பிக்கிறது. ஓயாமல் பெருகும் விந்துச் செல்கள் புற்றுக்கு மாதிரி, தோல் நல்ல திசுவுக்கு மாதிரி என்று வைத்துக்கொண்டார்கள். இதை 'நிரூபணம்' என்று எழுதாதீர்கள். விதைப்பைத் திசுவும் புற்றுக்கட்டியும் ஒன்றல்ல, ஒப்புமையே தளர்வானது, வந்து சேர்ந்த இடம்தான் சரி. மருத்துவர்களை அசைத்தது, தொண்டை, குரல்வளைப் புற்றில் வாரக்கணக்கில் கொடுத்து அதே பாரிஸ் நிறுவனத்து மருத்துவர் ஆன்றி கூதார் காட்டிய பலன். அப்போதும் எல்லோரும் உடனே மாறிவிடவில்லை. ஜெர்மனியின் எர்லாங்கன் நகர மருத்துவர்கள் அணி ஒரே மூச்சில் பெரிய அளவு கொடுப்பதையே நம்பியது.

அப்புறம் கோடு. 1944-இல் ஸ்வீடனின் ஸ்ட்ராண்ட்குவிஸ்ட் தோல், உதட்டுப் புற்றுநோயாளிகளுக்கு எத்தனை நாளில் மொத்தம் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கணக்கை மடக்கை (லாகரிதம்) வரைபடத்தில் போட்டார், நேர்க்கோடு வந்தது, சாய்வு 0.22. நாள் கூடினால் தாங்கும் அளவு கூடுகிறது என்று அதை வாசிப்பது எளிது, ஆனால் நாள் கூடும்போது தடவைகளும் சேர்ந்தே கூடுகின்றன, எது வேலை செய்தது என்று கோடு சொல்லாது. 1960-களில் பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஃபௌலர் குழு பன்றித் தோலில் இரண்டையும் பிரித்துப் பார்த்தபோது தடவைகளின் எண்ணிக்கைக்கே எடை அதிகம் என்று தெரிந்தது. பிரிட்டிஷ் மருத்துவர் எல்லிஸ், தோல் தாங்கும் மொத்த அளவைக் கணிக்கும் தன் சூத்திரத்தில் தடவைகளின் எண்ணிக்கைக்கு 0.24, நாளுக்கு 0.11 என்று அடுக்கு (படி எண்) வைத்தார்.

பெரிய தவறு இங்கேதான். தோலின் அனுபவத்தில் பிறந்த கணக்கை எல்லாத் திசுவுக்கும் பொதுவாக நம்பினார்கள். தடவையைக் குறைத்து, ஒவ்வொரு தடவையின் அளவையும் கூட்டிக் கொடுத்த நோயாளிகளுக்குத் தோல் சரியாகத்தான் இருந்தது, பின்னால் உள்ளே திசு இறுகியது. 1980-களில் வந்த ஆல்ஃபா-பீட்டா கணக்கில் (ஒவ்வொரு திசுவுக்கும் ஒரு விகிதம் வைத்துப் பாதிப்பை எடைபோடுவது, விகிதம் சிறிதானால் பெரிய தடவை அதிகம் உறைக்கும்) போட்டுப் பாருங்கள், நாள் கணக்கை மட்டும் விட்டுவிடுவோம். 2 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு) வீதம் 30 தடவை ஒரு பக்கம், 8 கிரே வீதம் 5 தடவை இன்னொரு பக்கம். பாதிப்பைச் சீக்கிரம் காட்டும் திசுவுக்கு விகிதம் 10 என்று வைத்தால் இரண்டின் பாதிப்பும் 72, அச்சு அசல் சமம். தாமதமாகக் காட்டும் திசுவுக்கு 3 என்று வைத்தால் முதலாவது 100, இரண்டாவது 147. சிவந்த தோலைப் பார்த்து இந்த 47-ஐக் கண்டுபிடிக்க முடியாது, அது வெளியே தெரிய மாதங்கள், சில சமயம் வருடங்கள் ஆகும்.